ஐபி கான்ஃப்ளிக்ட் என்று சொல்லி ஸ்டாட்டிக் ஐபி விற்கிறார்கள், கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனம்

வீட்டிலிருந்தே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் கிருஷ்ணகிரியில் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். நெட் நின்றால் சம்பளம் நிற்கும் என்ற நம் பயம் டெக்னீஷியன்களுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. "லைன்ல ஐபி கான்ஃப்ளிக்ட் இருக்குணா, ஸ்டாட்டிக் போட்டாதான் நிக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உடனே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். (ஐபி என்பது நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி எண். ஒரே எண் இரண்டு கருவிகளிடம் இருந்தால் கான்ஃப்ளிக்ட், மாறாமல் இருக்கும் எண் ஸ்டாட்டிக் ஐபி.) என்னிடம் இப்படிச் சொல்லி வாங்கியது 4,400 ரூபாய். ஒரு வருட ஸ்டாட்டிக் ஐபிக்கு 2,500, புது ரவுட்டருக்கு 1,900. பில் கேட்டதற்கு "ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வரும்ணா" என்றார். பணம் போனது அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு. மெசேஜ் வரவே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் நெட் கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை.

எங்கள் வீடு பழையபேட்டையில். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பில் மட்டும் நெட் தடுமாறும், ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அறுந்துகொண்டே இருக்கும். போனில் யூடியூப் ஜாலியாக ஓடும். இதே ஐபி முகவரி இன்னொரு கருவியிடமும் இருக்கிறது என்று விண்டோஸே சொன்னது. அந்த மெசேஜை நான் காட்டியதும்தான் டெக்னீஷியன் வாயில் கான்ஃப்ளிக்ட் என்ற வார்த்தையே வந்தது. அதுவரை "ஃபைபர் வளைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

ரவுட்டரை மாற்றினார், ஸ்பீடு டெஸ்ட் போட்டு போட்டோ எடுத்தார், பழைய ரவுட்டரை எக்ஸ்சேஞ்ச் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். லேப்டாப் சரியாகிவிட்டது, ஆனால் ஹாலில் இருந்த டிவியில் லோடிங் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டிவியைக் குறை சொல்லிக்கொண்டே சில நாள் ஓட்டினோம். அப்புறம் இன்னொரு கரண்ட் கட், மறுபடியும் லேப்டாப். போன் செய்தால் "சர்வர்ல அப்டேட் ஆகணும்ணா, வெயிட் பண்ணுங்க" என்கிறார்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கும் மச்சானிடம் சொன்னேன். "மாமா, லேப்டாப்பை ஆஃப் பண்ணுங்க. பையன் கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து லேப்டாப்போட முகவரிக்கு பிங் அடிங்க" என்றான். அந்த முகவரியில் ஏதாவது கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளைதான் பிங். லேப்டாப்பின் முகவரி 192.168.1.5. லேப்டாப்பை மூடி மேசைமேல் வைத்திருக்கிறேன், அந்த முகவரியோ வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே எண்ணை பிரவுசரில் அடித்தால் எங்கள் வீட்டு சிசிடிவி டிவிஆரின் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) லாகின் பக்கம் திறக்கிறது! கேமரா மாட்டியவர் டிவிஆருக்கு 5 என்ற எண்ணை நிரந்தரமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ரவுட்டருக்கு இது தெரியாது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் முதலில் எழுந்து, கேட்கிற கருவிகளுக்கெல்லாம் முகவரி கொடுத்துவிடும். டிவிஆர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் 5 லேப்டாப்புக்கோ டிவிக்கோ போயிருக்கும், பின்னாடி டிவிஆர் வந்து அது என் எண் என்று நிற்கும். ரவுட்டரை மாற்றியதால் தகராறு டிவி பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தகராறுக்கும் ஸ்டாட்டிக் ஐபிக்கும் சம்பந்தமே கிடையாது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். பக்கத்து வீட்டிலும் இதே 192.168.1.5 இருக்கலாம், சண்டை வராது. கம்பெனி காசுக்கு விற்கும் ஸ்டாட்டிக் ஐபி வெளியுலகுக்குத் தெரியும் முகவரி, வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஒருவேளை லைன் பக்கமே இரண்டு வாடிக்கையாளருக்கு ஒரே முகவரி போயிருந்தாலும், அதைச் சரிசெய்வது அவர்கள் வேலை, அவர்கள் செலவு.

சரி, விற்றதையாவது கொடுத்தார்களா? ரவுட்டர் பாஸ்வேர்டை டெக்னீஷியன் மாற்றிவைத்திருந்தார். அதை ஆபீஸில் சத்தம் போட்டுத்தான் வாங்க முடிந்தது. கோபத்தில் ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடாதீர்கள், லைனுக்கான யூசர்நேம் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்து, மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டிவரும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ற இடத்தைப் பார்த்தேன், கம்பெனி பக்கமிருந்து ரவுட்டருக்குக் கிடைக்கும் முகவரி அது. 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அங்கே அந்த எண் இருந்தால் உங்களிடம் தனி ஸ்டாட்டிக் ஐபி இல்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டதும் அந்த எண்ணும் மாறிவிட்டது! ஆபீஸில் கேட்டால், என் கணக்கில் ஸ்டாட்டிக் ஐபிக்கு விண்ணப்பமே இல்லை என்கிறார்கள். அந்தப் 'புது' ரவுட்டரின் அடியிலும் வேறு யாரோ ஒருவரின் பெயரை மார்க்கரில் எழுதி அழித்த தடம் இருந்தது.

கான்ஃப்ளிக்ட் தீர ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. ரவுட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதி) கொடுக்கும் எண்களை 2 முதல் 150 வரை என்று சுருக்கினோம், டிவிஆர் மெனுவில் முகவரியை 192.168.1.200 ஆக்கினோம். அதன்பிறகு கரண்ட் எத்தனையோ தடவை போய்விட்டது, விபிஎன் அறுபடவில்லை. உங்கள் வீட்டில் டிவிஆர் இல்லாவிட்டால், மாடிக்கு சிக்னல் வர என்று மாட்டிய இரண்டாவது ரவுட்டரைப் பாருங்கள். அதுவும் 192.168.1.1 என்றே உட்கார்ந்து தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால் இதே கூத்துதான். அதன் முகவரியை மாற்றி, டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள்.

இப்போதைய நிலை: கம்பெனியில் புகார் கொடுத்தேன். டெக்னீஷியனின் வாட்ஸ்அப்பில் சொன்னால் அது புகார் ஆகாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி புகார் எண் தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்திருக்கிறேன். 2,500ஐத் திருப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரவுட்டர் காசைக் கேட்டால் "யூஸ் பண்ணிட்டீங்களே சார்" என்கிறார்கள். அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துப்போன என் ரவுட்டர் எங்கே என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பழையபேட்டை, ராயக்கோட்டை ரோடு பக்கம் யாராவது இப்படி ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு கட்டியிருந்தால் முதலில் அந்த வான் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்தே கொடுத்துவிடலாம்.