மூன்று காணி, ஒரே லொறி: நுவரெலியா குத்தகைக் காணி பார்க்க வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இரண்டு வார லீவில் வந்து, குத்தகைக்குக் கொடுத்த தங்கள் காணிகளின் நிலவரத்தைச் சரிபார்க்கிறவர்கள் முதல் நாளைக் காணிப் பதிவகத்துக்கு ஒதுக்குங்கள். காணி உறுதிப் பத்திரத்தின் இலக்கத்தோடு காலையிலேயே போனால் பதிவேட்டுப் பிரதிக்கான வேலை நகரும். இலக்கம் தெரியாவிட்டால் தேடுவதிலேயே பொழுது போய்விடும். பிரதியில் குத்தகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். உறவினர் யாராவது வெள்ளைக் கடதாசியில் வாங்கி வைத்த கையெழுத்தை நம்பிக் கடல் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது குத்தகைக்காரர். கந்தப்பளையில் மூன்று துண்டை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆபத்து பிரிந்துவிட்டது என்றே தோன்றும். விசாரித்தால் இருவர் அண்ணன் தம்பி, மூன்றாமவர் மைத்துனர். மூவருக்கும் விதைக்கிழங்கும் உரமும் கடனுக்குக் கொடுப்பவர் ஒரே லொறி முதலாளி, கரட்டையும் லீக்ஸையும் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றுபவரும் அவரே. அவர் கையை விரித்தால் மூன்று குத்தகையும் ஒன்றாக நின்றுபோகும். ஆகவே "உரக்கடன் யாரிடம்? மரக்கறியை யார் ஏற்றுகிறார்?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பதில்கள் ஒத்துவந்தால், ஒரு துண்டையாவது வேறு வட்டத்து ஆளுக்கு மாற்றுவது நல்லது.

இடமும் அப்படித்தான். ஒரே பள்ளத்தாக்கில் உள்ள காணிகளை ஜனவரி, பெப்ரவரி உறைபனியும் மழைக்கால வெளிறல் நோயும் சேர்த்தே தாக்கும். கோவாவை மாற்றாமல் போட்டால் வேர் முண்டு முண்டாக வீங்கும் நோய் மண்ணில் பல வருடம் தங்கிவிடும். தண்ணீரோடும் மண்வெட்டியோடும் அது பக்கத்துத் துண்டுக்கும் போகும். எனவே பயிர்ச் சுழற்சியைக் குத்தகை உறுதியிலேயே எழுதுங்கள். ஹட்டன் பக்கச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வடகீழ் பருவமழையே முக்கியம். மலைமுகட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு காணி இருந்தால், ஒரே மழை இரண்டையும் கெடுக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது இருபுறமும் சேர்ந்தே அடிபட்டன. அதற்கு இடத்தைப் பிரித்தால் போதாது, பயிரையும் பிரிக்க வேண்டும்: மாத்தளைப் பக்க மிளகுக்கு மரக்கறி அளவுக்கு உரம் வேண்டியதில்லை.

ஊவா மாகாணத்தில் காணி வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். வெலிமடையில் வயலிலும் உருளைக்கிழங்கு போடுவார்கள். அது நெற்காணி என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே வரும். குத்தகை விவசாயியாக ஏற்கப்பட்டவரை நினைத்தபடி காணியிலிருந்து எழுப்ப முடியாது, உரிமை அவருடைய குடும்பத்துக்கும் போகலாம். கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் அந்த வயல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

சரிவுக் காணிக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. வரைபடத்தில் அபாய வலயத்துக்குள் விழும் காணிக்கு அருகிலேயே இரண்டாவது துண்டை வாங்காதீர்கள்.

திரும்புவதற்கு முன் அற்றோணித் தத்துவத்தை (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை) பதிவு செய்து, குத்தகை வசூலை ஒருவரிடமும் காணி மேற்பார்வையை வேறொருவரிடமும் விடுங்கள். குத்தகை முடியும் தேதிகளையும் ஒரே மாதத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளிப் போடுங்கள்.