முதல்வர் காப்பீட்டு அட்டை: இரண்டு பிள்ளை பெற்றவளின் மதிப்புரை

அட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர், நர்ஸோடு ஒரு வேன் வரும். அங்கன்வாடிக்கு இரண்டு தடவை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்று பெயர். அது எங்கள் வாயில் நுழையாது. ‘ஸ்கூல் வேன் டாக்டர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை அவர்கள் பொறுப்பு.

நான் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் கைமுறுக்குச் சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை. எட்டாவது படிக்கும் மகளை அந்த வேன் டாக்டரம்மா மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாராம். உட்காரவைத்து ஒரு தடவை, படுக்கவைத்து ஒரு தடவை. சாயங்காலம் ஒரு சீட்டோடு வீட்டுக்கு வந்தாள். படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அடிக்கடி சளி பிடிக்கும், அதைத் தவிர அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சீட்டைக் காட்டி சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தோம். இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஓட்டை. பிறவியிலேயே இருப்பது. விட்டுவிட்டால் வலது பக்க இதயம் வீங்கிக்கொண்டே போகும், வயதான பிறகு நுரையீரலையும் கெடுக்கும் என்றார்கள்.

சரி, இப்போது அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது முழுப்பெயர். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று ஆரம்பித்தது, 2012 ஜனவரியில் அம்மா ஆட்சியில் இந்தப் பெயருக்கு மாறியது, 2018-இல் மத்திய அரசின் பிரதமர் திட்டத்தோடு சேர்ந்தது. யார் ஆரம்பித்தது என்று எங்கள் கடையில் மாவு பிசையும்போது இன்றைக்கும் சண்டை நடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவை அட்டை ஏற்கும். ஆளுக்கு ஐந்து லட்சம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; அப்படி இல்லை.

மதுரையில் திட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த பெண் அட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “கார்டு இருக்கட்டும்மா, முதல்ல டெஸ்டுக்கு எட்டாயிரம் கட்டிடுங்க, அப்புறம் அப்ரூவல் போடலாம்” என்றார். இலவசம் என்றால் இளக்காரம்தானே. அட்டையில் சேர்ப்பவர்களிடம் அறுவைச் சிகிச்சைக்கான பரிசோதனைக்கும் மருந்துக்கும் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. நான் அங்கேயே உட்கார்ந்து காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண்ணான 1800 425 3993-க்குப் போன் போட்டேன், கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அதற்குப் பிறகுதான் காப்பீட்டுக்கு என்று தனியாக ஒரு கவுன்டர் உள்ளே இருக்கிறது என்பதே எங்களுக்குக் காட்டப்பட்டது. அதில் இருந்த தம்பி நல்ல மாதிரி. எக்கோ ரிப்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் அவரே ஸ்கேன் செய்து அனுப்பினார். எட்டாயிரம் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அப்ரூவல் வரும்வரை ‘வந்துருச்சா, வந்துருச்சா’ என்று நடந்த நடை இருக்கிறதே, அதற்கு எந்த அட்டையும் செருப்பு வாங்கித் தராது.

வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். நெஞ்சைத் திறக்கவில்லை. தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு குழாயை விட்டு, அதன் வழியே ஒரு சின்னக் கருவியைக் கொண்டுபோய் ஓட்டையில் விரித்துவிட்டார்கள். ஓட்டையைச் சுற்றி விளிம்பு போதுமான அளவு இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியுமாம், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான். அந்தக் கருவியின் மாதிரி ஒன்றை டாக்டர் எங்கள் கையில் கொடுத்துக் காட்டினார். கைமுறுக்குச் சுற்றைப் போல மெல்லிய கம்பி இழைகளை முறுக்கிச் செய்த இரண்டு தட்டு, நடுவில் ஒரு இடுப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. விரலால் அழுத்தினால் ஒடுங்குகிறது, விட்டால் பழையபடி விரிகிறது. என் மகள் அதைத் திருப்பித் தரவே மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஆஸ்பிரின் மாத்திரை, கொஞ்ச நாள் ஓட்டமும் கபடியும் கூடாது, பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கையிலிருந்து போனது பஸ் காசும் கூட இருந்தவர்களின் சாப்பாடும்தான்.

இவ்வளவு பெரிய வேலைக்குக் காசு கேட்காத அட்டை, சின்ன வேலைக்கு அசையாது. பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்குக் கிட்டப்பார்வை. பள்ளியில் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள், அது வேறு திட்டம். அதை அவன் கிரிக்கெட்டில் உடைத்தான். அடுத்த கண்ணாடி என் செலவு. காய்ச்சலுக்குத் தனியார் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கினால் அட்டை செல்லாது, கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுவதற்கும் செல்லாது. படுக்கையில் சேர்த்துச் செய்யும் வைத்தியத்துக்கும் பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான் அது. வளர்கிற பிள்ளைக்குப் பத்தில் ஒன்பது தொந்தரவு படுக்கையில் சேராமலே வருகிறது. இந்த இடத்தில் அட்டைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

அந்த ஒன்பதையும் ஓரளவு பார்ப்பது பள்ளிக்கூடம்தான். வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை, பெண் பிள்ளைகளுக்குப் புதுயுகம் நாப்கின். நாப்கினைப் பற்றிப் புகார் இல்லை. நீல மாத்திரை கதை வேறு. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸைத் தட்டினால் காம்பஸோடு சேர்ந்து நான்கு மாத்திரை விழுந்தது. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அதனால் வகுப்பில் யாருமே விழுங்குவதில்லையாம். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டாது, கறுப்பாகப் போவது இரும்பால்தான், அதில் பயமில்லை, டீ காப்பியோடு மட்டும் போடக் கூடாது. இதை மாத்திரை கொடுக்கும்போதே இரண்டு நிமிடம் சொன்னால் என்ன? பையனுக்குப் பரீட்சை பயம் வந்தபோது 14416-க்குப் பேசச் சொன்னேன். ‘நட்புடன் உங்களோடு’ என்ற அரசாங்க மனநல எண், காசு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசினான், என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

என் கொழுந்தனார் மகன் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கிறான். அங்கே அந்த வேன் வராது. ஃபீஸ் கட்டுகிறவர்கள் தாங்களே ஒரு தடவை பிள்ளையை டாக்டரிடம் காட்டி நெஞ்சைக் கேட்கச் சொல்லுங்கள்.

அட்டை இல்லாதவர்களுக்கு: வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டுக்கென்று மையம் இருக்கிறது, போட்டோவும் கைரேகையும் அங்கேதான் எடுப்பார்கள். எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ரேகை லேசில் விழாது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள். திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்று மனு கொடுக்கும் நாள், வாசலில் நிற்கவே இடம் இருக்காது.