கார்புரேட்டருக்கு மாறிய ஜிப்சியும் கும்பகோணத்துப் பட்டறையும்

எம்பிஎஃப்ஐ (மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வகை மாருதி ஜிப்சி ஜீப்பில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் கொண்ட பழைய எஞ்சினைப் பொருத்திய பின், பெட்ரோல் குழாய்களை மாற்றியமைக்கக் கும்பகோணம் புறவழிச்சாலையோரப் பட்டறை ஒன்றிடம் ஒப்படைத்தேன். டேங்கினுள் இருந்த மின்பம்பு தரும் அழுத்தம் கார்புரேட்டரின் ஊசி வால்வை மீறி, அதில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தை வழியச் செய்துவிடும் என்பதால், அதை அகற்றி உறிஞ்சுகுழாய் வைத்து, எஞ்சின் சுழற்சியால் இயங்கும் டயாஃபிரம் பம்பையே இயங்கவிட்டார்கள். மிகுதி பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயை அடைக்காமல், சித்திரை வெயிலில் குழாய்க்குள் ஆவி கட்டாதபடி சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கியும் கொண்டுசென்றார்கள். பலரும் அலட்சியப்படுத்தும் டேங்கின் காற்றுவழியைக் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டரோடு முறையாக இணைத்ததே எனக்கு நிறைவளித்தது. காற்றுவழி அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் வழியில் நின்றுவிடும், திறந்தே கிடந்தால் நெடி தாங்காது. கூலி சற்று அதிகம்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் குழாயை மட்டும் நாமே வலியுறுத்திக் கேட்க வேண்டும்.