மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டுத் தேக்குக் கதவு, மண்வெட்டிக் காம்பு, உளிப்பிடி, மகனின் கிரிக்கெட் மட்டை ஆகிய அனைத்துக்கும் பல ஆண்டுகளாக ஆளிவிதை எண்ணெயையே பூசி வருகிறேன். தேங்காய் எண்ணெய் மரத்தில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். இதுவோ காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, மரத்துளைகளுக்குள் இறுகிப் படலமாகிவிடுகிறது. இதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இருக்கும் ஆல்பா லினோலெனிக் அமிலமே அதற்கு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஓவியர்கள் இதில் வண்ணம் குழைத்ததும், சுண்ணத்தூளுடன் பிசைந்து ஜன்னல் கண்ணாடிக்குப் பட்டி வைத்ததும், 1860களில் பிரெடரிக் வால்டன் லினோலியம் தரைவிரிப்பைச் செய்ததும் இந்த இறுகும் தன்மையை நம்பித்தான்.

பெயிண்ட் கடைகளில் ‘ரா’, ‘டபுள் பாயில்ட்’ என இரு வகை கிடைக்கும். உலோக உப்புகள் சேர்த்த இரண்டாம் வகை ஓரிரு நாளில் காய்ந்துவிடுவதால், கருவிப் பிடிகளுக்கு அதுவே வசதி. வில்லோ மரத்து மட்டைக்கு ‘ரா’ எண்ணெய்தான் ஏற்றது. மட்டையின் முகம், விளிம்பு, அடிப்பகுதி ஆகியவற்றில் துணியால் மெல்லிய பூச்சாகத் தேய்த்து, முகம் மேலே இருக்கும்படி இரவு முழுவதும் கிடத்திவைத்து, காலையில் மிச்சத்தைத் துடைத்தெடுக்கிறேன்; கைப்பிடி பொருந்தும் இடத்தில் எண்ணெய் இறங்கினால் பசை தளர்ந்துவிடும் என்பதால் அங்கே ஒரு சொட்டும் படவிடுவதில்லை. அதிகம் ஊற்றினால் மட்டை கனத்துப் போகும், அடியின் வேகமும் குறையும்.

துடைத்த துணியை ஒருபோதும் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெளிவரும் வெப்பம் துணிக்குவியலுக்குள் தேங்கி, தீப்பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ கட்டடத்தில் மூன்று தீயணைப்பு வீரர்களைப் பலிகொண்ட தீ, இத்தகைய துணிகளில்தான் தொடங்கியது. நான் துணியைத் தண்ணீரில் முக்கியெடுத்து, வெளியே தனியாக விரித்து, முழுவதும் காய்ந்து விறைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.

கருவிப் பிடிகளில் இதன் பலன் எனக்கு முழு நிறைவு: வெடிப்பு குறைந்திருக்கிறது, பிடியும் வழுக்குவதில்லை. வெயிலும் சாரலும் நேராகப் படும் கதவுக்கு மட்டும் இது போதாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் மறுபூச்சு தேவைப்படுகிறது, ஈரம் தங்கும் கீழ்ச்சட்டத்தில் கரும்பூஞ்சையும் படிகிறது. புதிதாகக் கதவு போடுபவர்களுக்கு, வெளிப்புறத்துக்கு வார்னிஷையும் உட்புறத்துக்கு இந்த எண்ணெயையும் பரிந்துரைப்பேன்.