நூற்றெண்பது டொலருக்குப் போன பாலைப்பழம்

முதலில் நட்சத்திரங்களைச் சொல்லிவிடுகிறேன். டொமைன் பெயர்களை, அதாவது இணைய முகவரிகளை, விற்றுத் தரும் இணையச் சந்தைக்கு ஐந்தில் மூன்றரை. அவர்களுடைய விலை மதிப்பிடும் கருவிக்கு ஒன்று. கைவிட்டுப் போன பெயரைப் பிடித்துத் தரும் சேவைக்கு நான்கு. இவை எல்லாவற்றையும் பாவித்த எனக்கு அரை நட்சத்திரமே அதிகம். சேவைகளின் பெயர்களை எழுதவில்லை, குறையில் பெரும்பங்கு என் பக்கம்.

கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. கல்யாண மண்டபம், பண்ணை, தனியார் வகுப்பு நடத்துகிறவர்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பேன். மிச்ச நேரம் போட்டோக்கொப்பி. 2012 ஏப்ரலில், ரயில் ஓமந்தையோடு நின்றுவிடுகிற காலத்தில், கனடாவிலுள்ள அண்ணாவின் கார்ட்டில் இரண்டு டொட் கொம் பெயர்கள் வாங்கினேன். இரண்டும் பாலைப்பழம்தான், எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: பாலைப்பழம் எங்கள் காட்டுப் பழம். சின்னது, மஞ்சள். ஆனி, ஆடியில் வீதியோரம் சுண்டுக் கணக்கில் விற்பார்கள். பத்துப் பழம் தின்றால் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வன்னியை விட்டுப் போனவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அந்த முகத்தை நினைத்துத்தான் வாங்கினேன். யாராவது ஒருநாள் வன்னிச் சாமான்களை வெளிநாட்டில் விற்க வருவார்கள், அப்போது இந்தப் பெயர் தேவைப்படும் என்பது என் கணக்கு. கணக்கு சரிதான். பிழைத்தது பொறுமை.

ஏன் இரண்டு எழுத்துக்கூட்டல்? ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால் பாலைப்பழத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். ‘பா’வுக்கு ஒரு ஏயா இரண்டா? நடுவில் ஒரு பீயா இரண்டா? எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை ழகரம். சென்னைக்காரர் இசட் எச் போடுவார்கள். நாங்கள் ஈழத்துக்கு எல் போடுவோம், யாழுக்கு மட்டும் ஆர் எல். ஆகவே இசட் எச் ஒன்று, எல் ஒன்று என்று இரண்டையும் எடுத்து வைத்தேன். ஏ எத்தனை, பீ எத்தனை என்று இங்கே சொல்ல மாட்டேன், இப்போது அவை வேறொருவருடைய சொத்து.

2016 நவம்பரில் கடையில் கரண்ட் போனால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் பழுதானது. மழைக்காலம், கரண்ட் அடிக்கடி போய்வந்தது. இசட் எச் பெயரை விற்போம் என்று சந்தையில் கணக்குத் திறந்தேன். திறப்பது சுகம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் என்னுடையதுதான் என்று காட்ட ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிறகு அந்த மதிப்பிடும் கருவி.

பெயரைத் தட்டினேன். 95 டொலர் என்றது. கீழே காரணமும் போட்டிருந்தது: நீளம் கூட, அகராதிச் சொல் அல்ல, இதைப் போன்ற பெயர் முன்பு விற்ற பதிவு இல்லை. அகராதிச் சொல் அல்லவாம்! ஐந்திணையில் ஒன்றுக்கே பாலை என்று பெயர். இந்தக் கருவிகள் எழுத்துகளை எண்ணும், ஆங்கிலச் சொல்லா என்று பார்க்கும், எத்தனை பேர் தேடுகிறார்கள், பக்கத்துப் பெயர் என்ன விலைக்குப் போனது என்று பார்க்கும். வாங்கக்கூடிய ஆள் ஒரேயொருவர் என்றாலும் அவருக்கு அது கட்டாயம் வேண்டும் என்றால் என்ன விலை என்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் திரையில் இருந்த 95ஐ நம்பினேன். ஒரு நட்சத்திரம் போட்டது அதற்குத்தான். அந்த ஒன்றும் இலவசம் என்பதற்காக.

அடுத்த பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, இந்த விலைக்கு உடனே எடுத்துக்கொள்ளலாம் என்பது. மற்றது, வாங்குகிறவரே விலை கேட்கட்டும் என்பது. 95 என்று சொல்கிறார்கள், இரட்டிப்புக்குக் கிட்டப் போடுவோம் என்று கெட்டித்தனமாக நினைத்து முதல் கட்டத்தில் 180 போட்டேன். இரவு பத்தரை மணி.

விடிய ஐந்து மணிக்கு ஈமெயில் வந்திருந்தது, விற்றாயிற்று என்று. அம்மா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. சந்தையில் பதினைந்து வருடம் மரக்கறி விற்றவ அவ. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எப்ப வைச்சனி பிள்ளை?”

“ராத்திரி அம்மா.”

“உடன போச்சுதோ?” என்று கேட்டா. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தா. அந்த மௌனம் எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் விளங்கியது.

விற்ற பிறகு நடந்த வேலைகளுக்குக் குறை சொல்ல முடியாது. வாங்கியவருடைய காசைச் சந்தை தன் கையில் எடுத்து வைத்த பிறகுதான் என்னைப் பெயரை விடச் சொன்னது. பெயர் கைமாறாமல் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான குறியீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தியதும் காசை விட்டார்கள், ஒன்பதாவது நாள். கேட்ட கேள்விக்கு ஒரு நாளைக்குள் பதில் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். தரகு நூற்றுக்கு இருபது, அதாவது 36 டொலர். மிச்சம் 144. அப்போது பேபாலில் இலங்கையிலிருந்து காசு அனுப்பலாமே தவிர வாங்க முடியாது, ஆகவே அண்ணாவின் கணக்குக்குப் போட்டார்கள். அம்மாவுக்கு அனுப்பும் மாதக் காசோடு அண்ணா சேர்த்து அனுப்பினார். கிட்டத்தட்ட 21,000 ரூபாய். யூபிஎஸ் வாங்கினேன். அது 2019இல் செத்துப்போனது.

இரண்டு கிழமை கழித்துச் சும்மா அதே சந்தையில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். விற்பனைக்கு இருந்தது. விலை 2,400 டொலர்.

இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. மலிவாகப் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிற ஆட்களும் மென்பொருட்களும் உண்டு. சந்தை அவர்களுக்கும் சந்தைதான். ஆனால் உடன் விலைக் கட்டத்தை முதலாவதாக, பெரிதாக, பச்சை நிறத்தில் வைத்திருந்ததற்காக ஒன்றரை நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர் கை அங்கேதான் போகும்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது என்று பிறகு வாசித்து ஆறுதல் தேடினேன். பிசினஸ் டொட் கொம் என்ற பெயர் 1997இல் 150,000 டொலருக்குக் கைமாறியது. அப்போது அது பைத்தியக்கார விலை. 1999இல் அதே பெயர் 7.5 மில்லியனுக்குப் போனது. முதலில் விற்றவர் இரண்டு வருடத்தில் இழந்ததோடு பார்த்தால் என்னுடைய 2,220 டொலர் தூசு. ஆனால் ஆறுதல் வரவில்லை.

2018இல் நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வந்த மச்சாள் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தா. பாலைப்பழப் பாணி. “உங்கட ஊர்ச் சாமான்தான், அங்க தமிழ்க் கடையில கண்டன்” என்றா. லேபிளில் ஒரு குளக்கட்டுப் படம், அதன் கீழே என்னுடைய பெயர், இசட் எச்சோடு, டொட் கொம்மோடு. அவவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பாணி நல்ல ருசி, அதையும் சொல்ல வேண்டும். போத்தலில் இப்போது மிளகாய்த்தூள் இருக்கிறது. லேபிளைச் சுரண்டப் பார்த்தேன், பாதிதான் வந்தது.

அப்போதாவது எல் பெயரைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை.

பதிவு வருடாவருடம் ஏப்ரல் 28இல் முடியும். அண்ணாவின் கார்ட்டில் தானாகக் கழியும்படி இருந்தது. அண்ணா 2021இல் கார்ட் மாற்றினார், எனக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை. பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்கள், பதிவு முடிவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு கிழமை முன்பும் முடிந்த ஐந்து நாளைக்குள்ளும் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தும் இருக்கிறார்கள், நான் திறப்பதை விட்டுவிட்ட பழைய ஈமெயிலுக்கு. பிறகு கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போனபோது நாலு கடிதங்கள் இருந்தன. மூன்று நினைவூட்டல். நாலாவது 2021 ஐப்பசியில் வந்தது. 2018க்குப் பிறகு உரிமையாளர் விபரம் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் பதிவு நிறுவனத்தின் படிவம் வழியாக எழுதலாம். யாரோ எழுதியிருந்தார்: இந்தப் பெயரைத் தருவீர்களா, 400 டொலர் வரை பேசலாம். எட்டு மாதம் அந்தக் கடிதம் அங்கே கிடந்திருக்கிறது.

நான் கவனித்தது 2022 ஜூனில். பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை, டொலர் 360 ரூபாய். டொட் கொம் பெயர் ஒன்று முடிந்தால் உடனே பறிபோகாது. முதலில் சில கிழமை சலுகைக் காலம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகக் கூடியது 45 நாள். பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதற்குப் பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது, அது முடிய விழும், யாரும் எடுக்கலாம். நான் பார்த்தபோது மீட்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. மீட்க அபராதம் 80, புதுப்பிக்க 12, மொத்தம் 92 டொலர். 33,000 ரூபாய். என் கார்ட்டில் டொலர் கட்டணம் போகவில்லை. அண்ணாவிடம் அந்த மாதம்தான் அம்மாவின் மருந்துக்குக் கேட்டிருந்தேன். ஒரு பழத்தின் பெயருக்கு இன்னொரு தரம் வாய் வரவில்லை.

சித்தியின் மகன் கட்டாரில் இருக்கிறான், அவன் கட்டித் தருவான், அவன் அம்மாவிடம் இங்கே ரூபாயாகக் கொடுக்கலாம். அதற்கும் நான் ஒரு கணக்குப் போட்டேன். விழுந்த பெயரைப் பிடித்துத் தரும் சேவை 59 டொலர் என்றது. பிடித்தால் மட்டும் காசு. 92 கொடுத்து மீட்பதை விட, விழ விட்டு 59க்குப் பிடிப்போம், இந்தப் பெயரை வேறு யார் தேடப்போகிறார்கள்? 33 டொலர் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்.

ஜூலை 9 மீட்புக் காலத்தின் கடைசி நாள். அன்று நாடே கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. 14ஆம் தேதி பெயர் விழுந்தது, ஜனாதிபதி சிங்கப்பூரில் இருந்து ஈமெயிலில் பதவி விலகிய அதே நாள். இரவு பதினொன்றரைக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். கையால் பிடிக்கிற விஷயம் அல்ல இது. விழுந்த கணத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் இருந்து கட்டளைகள் பாயும். சேவை பிடித்துவிட்டது. நாலு நட்சத்திரம் அதற்கு, சொன்னதைச் செய்தார்கள். ஆனால் அதே பெயரைக் கேட்டு இன்னொருவரும் அங்கே பதிந்திருந்தார். அப்படி என்றால் இருவருக்கும் இடையில் ஏலம், மூன்று நாள். நான் 75இல் நின்றேன். 310க்குப் போனது. ஒரு சதம்கூட என்னிடம் எடுக்கவில்லை.

இன்று இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே பக்கத்துக்குத்தான் போகின்றன.

இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கு முடிந்தவரை இலங்கைக்குரிய டொட் எல்கேதான் எடுத்துக் கொடுக்கிறேன், ரூபாயில் கட்டலாம். டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாம், 2010இல் அனுமதி கிடைத்தது. தமிழில் எழுதினால் ழகரச் சண்டையே இல்லை. ஆனால் கொப்பி பண்ணி ஒட்டினால் சில இடங்களில் எக்ஸ் என் என்று தொடங்கும் வாய்க்குள் நுழையாத வரி ஒன்று வந்து நிற்கும், வாடிக்கையாளர் வைரஸ் என்று பயப்படுவார்.

போன மாசி மாதம் விசுவமடுவில் இருந்து ஒரு தம்பி வந்தான். ஊர்ப் பெயரும் கச்சானும் சேர்ந்த டொட் கொம் ஒன்று வைத்திருக்கிறான். “அக்கா, இது என்ன போகும்?” என்றான். கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நின்றான், விடவில்லை. சந்தையில் அவனுக்குக் கணக்குத் திறந்து, உடன் விலைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, விலை கேட்கும் கட்டத்தை மட்டும் திறந்து வைத்தேன். புதுப்பிப்பை ஐந்து வருடத்துக்குக் கட்ட வைத்தேன், ஈமெயில் அவன் நாளாந்தம் பார்க்கிற ஈமெயில்.

இன்னும் ஒரு கேள்வியும் வரவில்லை. கிழமைக்கு ஒருக்கா போட்டோக்கொப்பி எடுக்க வருகிற சாட்டில் வந்து, “ஏதும் வந்ததோ அக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்.