சிடிசியின் அவசர சிகிச்சைப் பிரிவு வரைபடம்: சில குளிர்காலங்கள் பார்த்தபின்

நியூஜெர்சியில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், டிசம்பரில் மதுரையிலிருந்து வந்து தங்கும் பெற்றோரும் உள்ள வீடு எங்களுடையது. அதனால் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி வாராவாரம் வெளியிடும் அவசர சிகிச்சைப் பிரிவு வரைபடத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குக் கொரோனா, ஃப்ளூ, ஆர்எஸ்வி (மூச்சுப்பாதையைத் தாக்கும் ஒரு வைரஸ்) என்று மருத்துவமனையில் குறித்தார்கள் என்பதை மூன்று கோடுகளாகக் காட்டுவார்கள்.

தொற்று எண்ணிக்கையைவிட இதைத்தான் நம்புகிறேன். வீட்டிலேயே பரிசோதித்துக்கொள்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தானே ஆக வேண்டும்?

வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பதில்தான் இதன் அருமை. மொத்தக் கணக்கில் ஆர்எஸ்வி கோடு தரையோடு ஊர்ந்துகொண்டிருக்கும். சின்னக் குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் அதே கோடு எழுந்து நிற்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மொத்தக் கோட்டால் ஒரு பயனும் இல்லை.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை முடியும் வாரத்தின் கணக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் கைக்கு வருகிறது. அதற்குள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருப்பார்கள். நோய்க் குறியீடுகள் தாமதமாக வந்து சேர்வதால் கடைசிப் புள்ளி பின்னால் மாறவும் செய்யும். ஆகவே அதை விட்டுவிட்டு முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் போக்கைப் பார்க்கிறேன். இன்னொன்று, இது சதவீதம். பண்டிகை வாரத்தில் மற்ற உபாதைகளுக்காக வருபவர்கள் குறைந்தால், காய்ச்சல்காரர்கள் கூடாமலே அவர்கள் பங்கு கூடிவிடும். கிறிஸ்துமஸ் வார ஏற்றத்தைப் பார்த்துப் பதறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஃப்ளூ பெரும்பாலும் பிப்ரவரியில்தான் உச்சம் தொடும் என்பார்கள். 2024-25 பருவத்தில் அப்படித்தான் நடந்தது. ஆனால் 2022-இல் டிசம்பர் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. ஆர்எஸ்வியோ 2021-இல் கோடையிலேயே கிளம்பிவிட்டது. தடுப்பூசி போட்டபின் எதிர்ப்புசக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், கோடு ஏறட்டும் என்று காத்திருப்பது வீண். நாங்கள் அக்டோபரிலேயே போட்டுக்கொள்கிறோம். பெற்றோருக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் போட்டுவிடச் சொல்கிறேன். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொள்வார். வரைபடம் எனக்கு உதவுவது அதற்குப் பிறகுதான்: கோடு செங்குத்தாக ஏறும் வாரங்களில் அவர்களைக் கோயில் கூட்டத்துக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் அழைத்துப் போவதில்லை.

கோடையில் இதைப் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் அடங்கிக் கிடக்கும் ஆகஸ்ட் வாக்கில் கொரோனாக் கோடு மட்டும் தனியாக மேலேறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்க்க முடிகிறது.