இயர்காம்பஸ் கையேடு: குடும்பத்தோடு நிரப்பினால் எவ்வளவு தேறும்?

கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கவும் வரும் ஆண்டுக்குத் தீர்மானம் எழுதவும் கடைகளில் ஏகப்பட்ட பிளானர்கள் கிடைக்கின்றன. இயர்காம்பஸ் (YearCompass) என்கிற கையேடு இலவசம். ஹங்கேரியில் ஒரு நண்பர் வட்டம் 2012-ல் தங்களுக்குள் தொடங்கியது, இன்று பல மொழிகளில் இருக்கிறது. அதன் இணையதளத்திலிருந்து பிடிஎஃப்-ஆக இறக்கிக்கொள்ளலாம். முதல் பாதி போன வருடத்துக்கு, மறுபாதி வரும் வருடத்துக்கு. இங்கே பேசுவது ஆங்கிலப் பதிப்பைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது தனி ஆளுக்காக எழுதப்பட்டது. அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பாட்டி என்று ஒரு வீடே உட்கார்ந்தால் அப்படியே ஒத்துவராது. முதல் பாதியை ஏறக்குறைய முழுசாக வைத்துக்கொள்ளலாம். மறுபாதியில் முக்கால்வாசி வேண்டாம்.

அச்சடிக்க ஒரு கோப்பு, கணினியில் தட்டி நிரப்ப இன்னொன்று என்று இரண்டு வகை உண்டு. குடும்பத்துக்கு அச்சுதான் சரி. பிடிஎஃப் படிவங்களில் தமிழில் தட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பதும், வெறும் கட்டங்களாக வருவதும் வழக்கமான தொல்லை. தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வரி எழுதிச் சேமித்து, வேறொரு செயலியில் திறந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஜெராக்ஸ் கடையில் கவனிக்க வேண்டியது மடிப்பு. ஏ4 தாளை நடுவில் மடித்து, நடுமடிப்பில் ஸ்டேப்ளர் அடித்துச் செய்கிற கையேடு. ஒரு தாளில் நான்கு பக்கம். இருபுற அச்சுக்கு, தாளைக் குட்டை விளிம்பில் (short edge) திருப்பும்படி பிரிண்டரில் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் நீள விளிம்புதான் (long edge) தேர்வாகி இருக்கும். அப்படியே விட்டால் ஒவ்வொரு தாளின் பின்புறமும் தலைகீழாக வரும். கோப்பைத் திறந்ததும் அட்டையும் கடைசிப் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், பக்கங்களை ஏற்கெனவே மடிப்புக்கு ஏற்ப அடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் பிரிண்டரிலும் ‘புக்லெட்’ தேர்வைப் போட்டால் வரிசை குலைந்துவிடும். முதலில் ஒரு பிரதி எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் சொல்லுங்கள். சாதாரண 70 ஜிஎஸ்எம் தாளில் ஜெல் பேனா மறுபக்கம் தெரியும், பால்பாயிண்ட் போதும். மடித்த பக்கத்தின் கோடுகள் வயதானவர்களுக்கு நெருக்கமாகப் படும். அவர்களுக்கு மட்டும் ஒரு பக்கத்தை முழு ஏ4 தாளில் பெரிதாக்கி எடுத்துக்கொடுக்கலாம்.

கையேட்டின் உயிர் ஆரம்பத்திலேயே இருக்கிறது. போன வருடக் காலண்டரை வாரம் வாரமாகப் புரட்டி, முக்கியமாக நடந்ததை எல்லாம் எழுதச் சொல்கிறது. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அடுத்த கேள்விகளுக்குப் போனால் எல்லோரும் அக்டோபர், நவம்பர், டிசம்பரைப் பற்றியே எழுதுவார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் மறந்தே போயிருக்கும். ஆனால் நம் வீடுகளில் டைரி எழுதும் பழக்கம் குறைவு. தினசரி காலண்டரில் தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது. மிஞ்சுவது சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர்தான்: பால் வராத நாளுக்கு வட்டம், சிலிண்டர் மாற்றிய தேதி, மூலையில் பென்சிலில் ஒரு போன் நம்பர், யாரோ ஊரிலிருந்து வந்து போன நாள். டிசம்பர் முடிந்ததும் அதைச் சுருட்டிப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது போவதில் அதுதான் முதலாக இருக்கும்.

அடுத்த சாட்சி போன் கேலரி. மாதம் மாதமாகத் தள்ளிப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. கல்யாணம், பிறந்தநாள், சுற்றுலா எல்லாம் நூறு நூறு படங்களாக இருக்கும். கஷ்டப்பட்ட மாதத்தில் யாரும் படம் எடுப்பதில்லை. அந்த ஓட்டையை அடைப்பது யுபிஐ பட்டியலும் பாஸ்புக்கும். ஆகஸ்டில் படமே இல்லை, மருந்துக் கடைக்கு மட்டும் ஏழு தடவை பணம் போயிருக்கிறது என்றால் அந்த மாதம் வீட்டில் என்ன ஓடியது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளி டைரியும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்களும் கூடுதலாக உதவும்.

கையேட்டில் இதற்கு விட்டிருக்கும் இடம் ஐந்து பேருக்குப் பத்தாது. ஒரு முழு சார்ட் பேப்பரில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஆளுக்கொரு நிறப் பேனா, ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கத்தை. பேசாமல் முதலில் எழுதுவது, பிறகு கட்டத்தில் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டால் ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் திருப்பிச் சொல்வது குறையும். மாதத்துக்கு ஆளுக்கு மூன்று சீட்டுக்கு மேல் வேண்டாம். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை வரையட்டும். பாட்டி சொல்லச் சொல்லப் பேரனோ பேத்தியோ எழுதலாம், ஆனால் வாக்கியத்தைத் திருத்தாமல் பாட்டி சொன்னபடியே எழுத வேண்டும். வாசிக்கும்போது வயதில் இளையவர் முதலில், பெரியவர் கடைசியில். அப்பா ஆரம்பித்துவைத்தால் மற்ற எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதற்கு அடுத்த பக்கங்களில் நல்ல தருணங்கள், மூன்று சாதனைகள், மூன்று சவால்கள், துணை நின்றவர்கள் என்று வரும். சாதனைப் பக்கம் நம் வீடுகளில் இரண்டு வகையில் சொதப்பும். பெற்றோர் பிள்ளையின் மார்க்கைத் தங்கள் சாதனையாக எழுதுவார்கள். அம்மா ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார், வீட்டை ஓட்டியது அவர் கணக்கில் சாதனையாகவே வராது. தான் செய்ததை மட்டும்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி, வெறுமையாக விட்டவருக்கு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டும் இருந்தால் பக்கம் நிறையும்.

மன்னிப்புக்கென்று வரும் பகுதியைக் குடும்பக் கூட்டத்தில் தொடவே கூடாது. தனியாக உட்கார்ந்து எழுத அருமையான பக்கம்தான். ஆனால் ஐந்து பேர் நடுவில் ‘உங்களை மன்னிச்சுட்டேன்’ என்று ஒருவர் வாசித்தால் அது குற்றப்பத்திரிகை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு யாருக்கும் இறங்காது. அந்தத் தாளை மடித்து அவரவர் வைத்துக்கொள்ளட்டும். அந்த வருடம் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் பன்னிரண்டு கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மறுபாதிக்கு வருவோம். பெரிதாகக் கனவு காண ஒரு பக்கம், மூன்று மூன்றாகப் பட்டியல் போடும் பக்கங்கள், ரகசிய ஆசைக்கு ஓர் இடம் என்று போகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் தனியாக நிரப்ப விரும்புவார்கள். கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருங்கள். குடும்பத்துக்குத் தேறுவது போக வேண்டிய மூன்று இடங்கள், ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள், இவ்வளவுதான். வாழ்க்கையைத் துறை துறையாகப் பிரிக்கும் பக்கத்தில் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு சின்ன இடம்.

பணத் தீர்மானத்துக்கு அந்தப் பக்கம் உதவாது, சார்ட்டுக்கே திரும்ப வேண்டும். போன வருடக் கட்டங்களில் இந்த வருடமும் கட்டாயம் வரப்போகிறவற்றைச் சிவப்பில் சுழியுங்கள்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, கோடை விடுமுறை முடிந்ததும் ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ் பிரீமியம், தீபாவளித் துணிமணி. எந்தெந்த மாதத்தில் கை கடிக்கும் என்று பார்த்த பிறகு ‘மாதம் இவ்வளவு சேமிப்போம்’ என்று எழுதினால்தான் அது ஜூன் மாதத்தைத் தாண்டும்.

மொத்தக் குடும்பத்துக்கும் மூன்று தீர்மானம் போதும். ஒவ்வொன்றுக்கும் யார், எந்த நாள், முதல் வேலை என்ன என்று எழுத வேண்டும். ‘ஆரோக்கியமாக இருப்போம்’ என்பது எழுதாததற்குச் சமம். ‘செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு எல்லோரும் நடக்கப் போகிறோம், கிளப்ப வேண்டியது தம்பி’ என்று இருக்கட்டும். ஒருவர் இன்னொருவருக்காகத் தீர்மானம் போடக் கூடாது. ‘அக்கா போனைக் குறைக்கணும்’ என்று வந்தால், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் போன் உட்பட எல்லாப் போனும் ஃப்ரிட்ஜ் மேலே என்று மாற்றி எழுதுங்கள். முடிவில் மூன்றையும் பார்த்து, ஒரே பெயர் இரண்டு இடத்தில் பொறுப்பாக வந்திருந்தால் ஒன்றை மாற்றுங்கள். பெரும்பாலும் அது அம்மாவின் பெயராக இருக்கும். அவர் பிப்ரவரியில் களைத்துப்போனால் மூன்று தீர்மானமும் சேர்ந்து படுத்துவிடும்.

நடுவில் சரிபார்க்க நாமே நாள் குறிக்க வேண்டும். பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமும் காலாண்டு விடுமுறையும் வசதி. எழுதும் வேலைக்கு அரையாண்டு விடுமுறையை எடுத்துக்கொள்ளலாம்: முதல் உட்காரலில் ஒன்றரை மணி நேரம் பன்னிரண்டு கட்டம் மட்டும், இரண்டு மூன்று நாள் கழித்து மற்றவை. டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி கூடாது. பாதிப் பேர் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கிளம்பிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் டிவி முன்னால்.

பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பிரதி எடுப்பது வீண், நாலாவது பக்கத்தில் எழுந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று, குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு சார்ட் என்றால் மொத்தச் செலவு ஜெராக்ஸும் சார்ட்டும்தான். நிரப்பிய கையேடுகளை ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலிலேயே போட்டுவையுங்கள். அந்த ஃபைல் எந்த வீட்டிலும் தொலைவதில்லை.